தாளைத் திருப்பும் நேரம்

சலவைக்கடையில் அவளைக் கெட்டிக்காரி என்பார்கள். சீட்டு ஒட்டிய துணிகூட ஆள் மாறிப்போகும். அவள் பிரித்து வைத்தது மாறியதே இல்லை. சட்டைக் காலருக்கு உள்ளே, வாடிக்கையாளருக்கு ஒரு நிறமென்று நூல் தைத்துவிடுவாள். சீட்டில் பேரெழுத வராதவளின் பிழைப்பு அது. சின்ன வயதில் எழுத்து அவளுக்குப் பிடிகொடுக்கவே இல்லை. மக்கு என்று பெயர் வாங்கி ஐந்தாம் வகுப்போடு நின்றாள். கட்டிய கணவனுக்குக்கூட இது தெரியாது. "கண்ணு எரியுது, நீங்களே படிங்க" என்றே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

மகளுக்கு ஏழு வயது. வாய் என்றால் அப்படியொரு வாய். கடை முதலாளியையே கேள்வி கேட்டு மடக்குவாள். அப்பா ஒரு தடவை பாடத்தை வாசித்தால் போதும், ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். படம் போட்ட பக்கமென்றால் சமாளிப்பாள். வெறும் எழுத்தாக இருந்தால் எது எந்தப் பாடமென்று தெரியாமல் விழிப்பாள். அம்மாக்காரி என்ன செய்தாள்? அப்பா வாசிக்கும்போதே பக்கத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, கோழிப் பாடத்துக்குச் சிவப்பு, மழைப் பாடத்துக்கு நீலம் என்று பக்க ஓரத்தில் நூல் தைத்துக் கொடுத்தாள். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு! இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வராதபடி பெற்றவளே மூடி மறைத்துவிட்டாள்.

போன வாரம் மகள் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனாள். டீச்சர் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நூல் இல்லாத புத்தகம். மழைப் பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு கோழிக் கதையை ஒப்பித்தாள். வகுப்பே சிரித்தது.

இப்போது அம்மாவும் மகளும் டீச்சரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேட்டார்.

"பேச்சு லேட்டா வந்துச்சா?"

"மூணு வயசு ஆயிடுச்சுங்க."

"செருப்பை மாத்திப் போடுவாளா? நேத்து சொன்ன எழுத்து இன்னிக்கு மறந்துடுதா?"

"ஆமாங்க. தினமும் புதுசா பார்க்கிற மாதிரி பார்ப்பா."

"இது சோம்பேறித்தனமும் இல்ல, மக்குத்தனமும் இல்லம்மா. நல்ல மூளை. எழுத்தைப் பிடிக்கிறதுல மட்டும் சிக்கல். இப்பவே ஆரம்பிச்சா தனியா சொல்லிக்கொடுக்க முடியும். ஆனா இடம் ரெண்டே ரெண்டுதான். இந்தத் தாளைப் பார்த்துத்தான் யாருக்குன்னு முடிவு பண்ணுவாங்க. இது குடும்பத்துல வரும். உங்க வீட்ல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

மக்கு இல்லை. முப்பது வருஷத்தில் அதை அவள் காதுபடச் சொன்ன முதல் ஆள் இந்த டீச்சர்தான். ஓவென்று அழத் தோன்றியது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"யாருக்கும் இல்லீங்க."

டீச்சர் குறித்துவிட்டுத் தாளை நீட்டினார். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

வழக்கமாகச் செய்வதையே செய்தாள். கண்ணை மேலிருந்து கீழே இறக்கியபடி இருபது வரை எண்ணி, தாளைத் திருப்பினாள். உதடு லேசாக அசைந்துவிட்டது.

மகள் அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீயும் எண்ணுறியாம்மா? நான் முப்பது வரைக்கும் எண்ணுவேன். அப்பதான் எல்லாரும் நம்புவாங்க."

டீச்சர் நிமிர்ந்தார். அம்மா தாளையே வெறித்தாள். இல்லை என்று சொன்னதை அடித்துவிட வேண்டும். அது எந்த வரியில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.