மூன்றடி தள்ளி நின்று வாசித்தவர்

பேட்டையில், இரும்பைச் சீவித் துளையிடும் ஒரு மில்லிங் பட்டறையில்தான் அவரைப் பார்த்தேன். குட்டையான உருவம், முன்கை முழுக்கச் சூடான இரும்புச் சீவல் தெறித்த தழும்புகள். எந்த டிராயிங் வந்தாலும் மிஷினிலிருந்து மூன்றடி தள்ளியிருந்த சுவரில் ஒட்டிவிட்டு, தன் இடத்தில் நின்றபடியே அளவுகளை உரக்க வாசிப்பார். ஒரே ஒரு எண்ணுக்காக முன்னால் நகர வேண்டியிருந்தாலும் தாளை உரித்தெடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்.

நான் வரைந்து கொண்டுபோனது ஒரு பம்பு உடலின் படம். அத்தனை அளவுகளையும் ஒரே தாளில் திணித்திருந்தேன். கோடுகள் எண்களின் மேலேயே ஓடின. சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று பட்டறை முதலாளி கத்தினார். இவரோ மிஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கண்ணாடி போட்டுப் பாருங்க அண்ணாச்சி,” என்றேன் எரிச்சலோடு.

“கோளாறு என் கண்ணுல இல்ல வே, உம்ம தாள்ல இருக்கு. ஒரு துளை தப்புனாலும் வார்த்தெடுத்த காஸ்டிங் பழைய இரும்புக்குத்தான் போவும். பிரிச்சு வரைஞ்சிட்டு வாரும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு, உள்துளைகளைத் தனியே பெரிதாக்கி, மூன்று தாள்களாக வரைந்து வந்தேன். நின்ற இடத்திலிருந்தே மளமளவென்று வாசித்துவிட்டார். அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

“முதல் தாளையும் உங்களால வாசிச்சிருக்க முடியும்லா?”

“முடியும்,” என்றார், மிஷினைப் போட்டபடி. “நாளைக்கு எனக்குப் பதிலா இங்கன நிக்கவனுக்கு முடியுமா?”

அவர் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் ஒரு படத்தை வரைந்து முடித்தால், என் கால்கள் தாமாக மூன்றடி பின்னால் போகின்றன.