சும்மா கொடுத்த சாக்லேட்

கேப்டன் லூபென் கராகாஷெவின் பெயருக்குப் பக்கத்தில் நம் பெயர் இருப்பதைப் பணிப் பட்டியலில் பார்த்தாலே, துணை விமானிகள் நாங்கள் அந்த நாளை வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ளப் பார்ப்போம். ஆள் கெட்டவர் இல்லை, எல்லாரையும் சந்தேகப்படுகிறவர். விமானத்துச் சாப்பாட்டைத் தொடமாட்டார். வீட்டிலிருந்து, பாலாடைக்கட்டி வைத்து அடுக்கடுக்காகச் சுட்ட பனித்ஸாவைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவார், அந்தப் பாலாடைக்கட்டி வாசம் விமானி அறை முழுக்க அடிக்கும். நாம் தொட்ட குமிழையெல்லாம், நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். "நல்லாத் தூங்கினீங்களா கேப்டன்?" என்றால், "ஏன், யாரு கேக்கச் சொன்னா?" என்பார்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. யாம்போல் என்ற ஊரில் ரயில்வே தொழிலாளியின் இளைய மகன். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில், இளம் கேப்டனாக வெளிநாடெல்லாம் பறந்துகொண்டிருந்த காலத்தில், அண்ணன் எல்லை தாண்டி ம்யூனிக்குக்குத் தப்பி ஓடினார். ஒரு வருஷம் கழித்து இவரைத் திடீரென்று இறக்கி, சூரியகாந்தி வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் உட்கார வைத்தார்கள். ஆறு வருஷம், காரணம் சொல்லவில்லை. ஆட்சி போய், ரொம்பக் காலம் கழித்து உளவுத்துறைக் கோப்புகளைத் திறந்துவிட்டபோது, வரிசையில் நின்று தன் கோப்பை வாங்கிப் படித்தார். அண்ணனைப் பற்றி இவர் பேசியதையெல்லாம் எழுதிக் கொடுத்தது பக்கத்து இருக்கைத் துணை விமானி. அன்றிலிருந்து துணை விமானி என்று யார் வந்தாலும் அவருக்கு ஒரே முகம்தான்.

2011 ஏப்ரலில் அந்த முகம் நான். யாவோர், முப்பது வயது, ஒரு வருஷ ஒப்பந்த வேலை.

அன்று காலை ஒரு பெட்டி சாக்லேட்டோடு போனேன். எங்கள் ஊரில் நல்லது நடந்தால் கூட வேலை செய்கிறவர்களுக்கு இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும். வாங்குகிறவர் "எதுக்கு?" என்று கேட்பார், கொடுக்கிறவர் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு மூன்றாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டது, அதனால் வெளியே மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாள். வாய் சத்தியத்தைக் காப்பாற்றியது. கைதான் கேட்காமல் கடைக்குப் போய்விட்டது.

"எதுக்கு?" என்றார் கேப்டன்.

"சும்மா."

"சும்மாவா?" எடுத்த ஒரு சாக்லேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தின்னவில்லை.

ஏதென்ஸ் பயணம். கிழக்கே கிளம்பித் தெற்கே திரும்புவதாக வழியைக் கணினியில் பதித்திருந்தேன். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அறிவிப்பு வந்தது. காற்று மாறிவிட்டது, மேற்கே கிளம்புங்கள், கிளம்பியதும் வலது பக்கம் திரும்புங்கள். இடது பக்கம் வித்தோஷா மலை, அன்று அதன் தலை முழுக்க மேகம். புது வழியைப் பதித்தேன். கேப்டன் பார்த்து "சரி" என்றதும் ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை கணினிக்குப் பழைய வழிதான் வழி. பொத்தானில் விளக்கு எரிந்தது. விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கிளம்பும் நேரத்தில் வீண் பேச்சு கூடாது என்பது சட்டம். அதை எங்களை அதட்டி அதட்டிக் காப்பாற்றியவரே அவர்தான். அவரே அன்று கேட்டார்.

"என் இடத்துல உன்னை உக்கார வைக்கப் போறாங்களா?"

"என்ன கேப்டன்?"

"அந்தச் சாக்லேட். யாரும் சும்மா தரமாட்டான் தம்பி. மேல யாரோ உனக்கு ஏதோ சொல்லியிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அதற்குள் கோபுரம் கிளம்ப அனுமதி கொடுத்துவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுத்து ரேடியோவுக்குப் பதில் சொன்னேன். அப்படியே கிளம்பிவிட்டோம்.

மேலே ஏறி விமானத்தைக் கணினியிடம் விட்டதும் அது பழைய வழிப்படி தெற்கே போக, சமர்த்தாக இடது பக்கம் சாய்ந்தது. முன்னால் வெள்ளை மேகம் தவிர ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் கிறீச்சிட்டது: "இடது பக்கம் எங்க போறீங்க? உடனே வலது பக்கம் திரும்புங்க! மலை!" கேப்டன் கணினியைத் துண்டித்து, கையாலேயே வளைத்துத் திருப்பி ஏற்றினார். மேகத்தின் கிழிசலில் ஒரு பைன் மரக் கூட்டத்தைப் பார்த்தேன். மரம் மரமாகப் பிரித்து எண்ணுகிற தூரம். பயணிகள் நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒன்றும் தெரியாது.

ஏதென்ஸில் காத்திருந்த ஒரு மணி நேரமும் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் மறைத்து மறைத்து அறிக்கை எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். திரும்பும் வழியெல்லாம் என் கண் அந்த உறை மேலேயே இருந்தது. பொத்தானை அழுத்தாதது நான். என்னைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பிக்கிறார், வேலை போய்விடும், பிள்ளை பிறக்கிற நேரத்தில் தெருவில் நிற்பேன். அவர் தண்ணீர் நீட்டியபோதுகூட எதற்கு நீட்டுகிறார் என்று யோசித்தேன். வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானும் எழுதினேன், நாலு பக்கம். கேப்டன் சரிபார்க்கவில்லை, கேப்டன் சந்தேகப்பட்டார், கேப்டன் வீண் பேச்சுப் பேசினார். ஒன்றும் பொய்யில்லை. என் விரலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

மறுநாள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியான ஒரு அம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து இரண்டையும் உரக்கப் படித்தார். அவருடையது முதலில்: "துணை விமானி சரியாகவே பதித்தார். என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் நான் சம்பந்தமில்லாத கேள்வி கேட்டு அவர் கவனத்தைக் கலைத்தேன். தவறு என்னுடையது." அவ்வளவுதான். பிறகு என் நாலு பக்கம். காதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எனக்கு இரண்டு வாரம் மறுபயிற்சி. அவரை இறக்கிவிட்டார்கள். ஓய்வுக்கு ஆறு மாதம்தான் பாக்கி, இனி பறக்கப்போவதில்லை.

தாழ்வாரத்தில் பின்னாலேயே ஓடினேன். "கேப்டன், நான் எழுதினதைத் திருப்பி வாங்கிடறேன்."

"பதிவாயிடுச்சு தம்பி. நீ எழுதினதும் உண்மைதானே? அவன் எழுதினதும் உண்மைதான்."

"யாரு?"

"என் பழைய கோப்புல இருக்கிறவன். முதல் வரியே ஞாபகம் இருக்கு. 'சாக்லேட் கொடுத்தேன், தாராளமாகப் பேசினான்.' அவனும் சும்மான்னுதான் சொன்னான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லு. எதுக்கு?"

"என் மனைவி முழுகாம இருக்கா, கேப்டன். மூணு மாசம்."

சட்டைப் பையிலிருந்து அந்தச் சாக்லேட்டை எடுத்தார். உருகி, மறுபடி இறுகி, கோணலாகியிருந்தது. காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உயிரோட, ஆரோக்கியமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் கோப்புகளில் இப்போது நாங்கள் இரண்டு துணை விமானிகள்.