சந்தனம் பூசிய புற ஊதா விளக்கு

ஹாஸ்டலில் என்னை "ஈ ஓட்டுறவ" என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு நான் கோபப்பட்டதே இல்லை. தஞ்சாவூரில் நான் முதுகலை படித்த கல்லூரியில் என் ஆய்வே பழ ஈக்களைப் பற்றியது. ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றிய பாட்டில்களில் அவற்றை வளர்த்தேன். கோபம் வேறு இடத்தில் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

வேலை இதுதான். ஈ இட்ட முட்டைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் சில விநாடி வைக்க வேண்டும். அந்த ஒளி, மரபணு இழையில் அடுத்தடுத்து இருக்கும் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். செல் அந்த இழையை நகலெடுக்கும்போது ஒட்டிய இடத்தில் தடுமாறி, தப்பாக எழுதிவிடும். அந்தத் தப்பு அடுத்த தலைமுறையில் எப்போதாவது கண்ணுக்குத் தெரியும். சிவப்பாக இருக்க வேண்டிய ஈயின் கண் வெள்ளையாக இருக்கும். அதற்கு முன்பே ஒளி சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விழுந்திருந்தால் முட்டைகளில் பாதியாவது பொரிக்காது.

ஆயுத பூஜைக்குக் குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அதன்பின் வைத்த முட்டைகள் அத்தனையும் பொரித்தன. மறுபடி வைத்தேன், மறுபடியும் பொரித்தன. விளக்கு நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும்.

என் நோட்டைப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "லைட்டே போடாம, போட்டதா எழுதியிருக்க. ஊர்ல நடவு இருக்கும்ல, அங்கயே இருந்திருக்கலாம். படிப்பெல்லாம் எல்லாருக்கும் வந்துடுமா?"

என் அம்மா நடவு ஆள். தெரிந்துதான் சொன்னார்.

"போட்டேங்க சார்."

"போடலைன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. அப்பதான் இனிமே லேபுக்குள்ள விடுவேன்."

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள், குழல் பழசாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் விளக்கைக் கழற்றினேன். குழலின் அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று மைக்ராஸ்கோப், தராசு, விளக்கு எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, பேராசிரியரே தன் கையால் சந்தனம் பூசியதாக லேபில் இருந்தவர்கள் சொன்னார்கள். பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்குக்கூட அப்பா பொட்டு வைப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஸ்ப்ரேயரின் வாயை மட்டும் அப்பா அடைக்க மாட்டார்.

குழலை எடுத்துப்போய்க் காட்டினேன்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தையா குறை சொல்ற?" என்றார். சாதாரணக் கண்ணாடி மூடிகூட அந்த ஒளியை மறைத்துவிடும் என்று எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் இவர். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

குழலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டினேன். அடுத்து வைத்த முட்டைகளில் பாதிக்கு மேல் செத்தன. பிழைத்தவை ஈயாகி, அவற்றின் சந்ததியும் வந்தபோது ஆயிரக்கணக்கான சிவப்புக் கண்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆண் ஈ வெள்ளைக் கண்ணோடு நின்றது. அதைப் பேராசிரியரிடம் எடுத்துப்போனேன். பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லி ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"சார், அந்த லெட்டரைக் குடுத்துடுங்க சார்."

"அது ஃபைல்ல போயிடுச்சு. இப்ப அதுல என்ன இருக்கு?"

"நான் பொய் சொன்னேன்னு இருக்குங்க சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தத் தாள் இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. எழுதச் சொன்னவர் அவர்தான். ஆனால், செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கை என்னுடையது. அவரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்தக் கையை மன்னிக்க என்னால் முடியவில்லை.