கார்டு போட்ட கார்

கழுத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர், இனி கார் ஓட்டலாம், ஆனால் கழுத்தை ரொம்பத் திருப்பக் கூடாது என்றார். அது திரும்பினால்தானே நான் திருப்புவதற்கு? யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "சைடுல பின்னாடி வாரவனப் பாக்க முடியாத ஆளு ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்."

அதன்பிறகு அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கோ கார் ஓட்டுவதென்றால் உயிர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில்கூடப் பாட்டு முணுமுணுத்தபடி போகிறவன். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தேன். வாயை மூடிக்கொண்டு என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அப்போதுதான், பின்பக்கம் சைடில் வண்டி வந்தால் சைடு மிரரிலேயே விளக்கு எரிந்து காட்டும் கார்களைப் பற்றித் தெரிந்தது. புதிதாக வாங்க எங்களுக்குக் கட்டாது. கோச்சடைப் பக்கம் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போனோம்.

வெள்ளை நிறம், நல்ல பளபளப்பு. முன்னும் பின்னும் பம்பரைச் சுற்றி, இடி தாங்கத் தடித்த ஸ்டீல் கார்டு.

"ஒரு கீறல் கெடையாதுண்ணே. முந்தி வச்சிருந்தவரு பொத்திப் பொத்தி வச்சிருந்தாரு" என்றார் விற்பவர். "பிரேக்கு, சைடு, அம்புட்டையும் வண்டியே பாத்துக்கும்."

மனைவி ஓட்டினாள். நான் பக்கத்தில், அவர் பின்னால். இரண்டு பக்கமும் பைக்குகள் உரசாத குறையாகப் போயின. ஓர் ஆட்டோ எங்களை ஒட்டியே வந்தது. மிரரில் விளக்கு எரியவே இல்லை.

"இந்த வண்டிக்கும் என் கழுத்துதான் போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் காரை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த திரையில் மஞ்சளாக ஏதோ ஆங்கிலத்தில் மின்னிக்கொண்டிருந்தது. "இது என்ன?"

"அது சும்மா வரும் டீச்சர். தொடச்சா போயிரும்."

"எம்புட்டு நாளாத் தொடைக்கிறீங்க?"

அவள் வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி வாசித்து, தமிழிலும் சொன்னாள். பின்பக்க சென்சாரை ஏதோ மறைக்கிறதாம். இறங்கிப் பின்னால் போனாள்.

"சென்சார் எங்க இருக்கு?"

"பம்பர் மூலையில, உள்ளுக்குள்ள."

"அந்த மூலையத்தான் இரும்பு வச்சு அடச்சிருக்கே."

அவர் கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கார்டு இல்லாம மதுரையில யாரு டீச்சர் வண்டி ஓட்டுவா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் முதல் காரை வீட்டுக்கு ஓட்டிவரும் முன்பே கார்டு போட்டவன் நான். பக்கத்து வண்டி இடிக்காமல் போகாது என்று ஊரே நம்புகிறது. இடிக்க வருகிறவனைக் காட்டிக்கொடுக்க வந்த சென்சாரையும் அந்த நம்பிக்கையில் இரும்பால் மூடியிருக்கிறார்கள்.

விற்பவரின் இடத்துக்கே திரும்பினோம். அங்கே பின் கார்டைக் கழற்றினார்கள். மீசை எடுத்த முகம்போலக் காரின் பின்பக்கம் வெறிச்சென்று இருந்தது. சாவியை நான் வாங்கிக்கொண்டேன். மனைவி கதவருகே கொஞ்சம் தயங்கினாள். பிறகு என் பக்கத்தில் ஏறினாள். விற்பவர் மறுபடியும் பின்னால்.

அலங்காநல்லூர் ரோட்டில் ஏறியதும் இடது மிரரில் சின்னதாக ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எனக்கு யாருமே தெரியவில்லை. இன்டிகேட்டர் போட்டேன், கார் வேண்டாமென்று கீச்சிட்டது. காத்திருந்தேன். எங்கிருந்தோ ஒரு பைக், மூன்று பேரும் ஒரு புல்லுக்கட்டுமாக எங்களைத் தாண்டிப் போனது. விளக்கு அணைந்தது. ஓரம் ஒதுங்கினேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு தேவையே இல்லாமல் ஓரம் ஒதுங்குவதும் நடுவுக்கு வருவதுமாக ஓட்டினேன். இரண்டு பக்கமும் வயல், ஜன்னல் வழியே காற்று.

"இப்பப் பாத்தியா?" என்றேன். பதில் இல்லை. "கோவமா?" அதற்கும் இல்லை. திரும்பிப் பார்க்கவோ எனக்கு வழியில்லை.

பின்சீட்டுக்காரர் முன்னால் எட்டிப் பார்த்தார். "டீச்சர் தூங்கிட்டாங்கண்ணே" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அப்ப ரேட்டு பேசிருவமா?"

"பேசலாம். மெதுவாப் பேசுங்க" என்றேன்.