காலால் பிறந்த வைத்தியன்

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய வயதில் நான் என்னைப் பெரிய வைத்தியன் என்று நம்பினேன். நமுனுகுல மலைப்பக்கத்தில் அப்போது என்னைப் போன்ற முழு மடையன் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல. பிறக்கும்போது தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு வந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் முதுகுப்பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. உர மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்கள், தேயிலைச்செடி வெட்டக் குனிந்து நிமிர முடியாமல் போனவர்கள் எல்லாரும் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். நான் ஏறி மிதிப்பேன். “கால்ராசிக்காரன்டா நீ” என்று கருப்பட்டித் துண்டு கொடுப்பார்கள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு மழைக்காலத்தில், ஈரக் கொழுந்து நிறைந்த கூடையை இறக்கும்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“எலும்பு விலகியிருக்கு. பலகையிலை படுங்கோ. அசையக் கூடாது.”

“எத்தன நாளைக்குங்க?”

“சுகமாகுமட்டும்.”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். படுத்தால் பேர் விழாது. அப்பாவின் பேரை மட்டும் நம்பி எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது.

அன்று சாயங்காலம் என் மருத்துவ மூளை வேலை செய்தது. விலகிய எலும்பை உள்ளே தள்ளக் கனம் வேண்டும். என் கனம் காணாது. மூக்கொழுகிக்கொண்டிருந்த தங்கச்சியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பலகையில் குப்புறக் கிடந்த அம்மாவின் முதுகில் ஏறினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“ஐயோ, எறங்குடா சண்டாளா!”

“எலும்பு உள்ள போயிருச்சும்மா, கேட்டுச்சில்ல? இன்னொருக்கா மிதிக்கிறேன்.”

“வேணாம் சாமி! சரியாயிருச்சு. இந்தா பாரு, நல்லாத்தான இருக்கேன்” என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

அப்பா பலகையைத் திருப்பி, அதில் நீளமாக விழுந்திருந்த வெடிப்பைக் காட்டினார். எலும்பு போன வேகத்தில் பலகையும் வெடிப்பு விட்டிருக்கும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்குப் போனாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, ஆட்களைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்த கங்காணியிடம், “எங்கம்மாவ நான்தாங்க சொகமாக்குனேன்” என்றேன்.

“அப்படியா? பெரிய தொரைக்கும் முதுகு வலியாம். போய் ஏறி மிதியேன்” என்றார். பெரட்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு.

பல வருடம் கழித்து என் முதுகே மக்கர் பண்ணியபோது பதுளையில் ஒரு டாக்டர் சொன்னார்: எலும்பு அப்படி லேசில் விலகாது, யாரும் ஏறி மிதிக்கவும் கூடாது, நாள்கணக்கில் ஆடாமல் கிடக்கவும் கூடாது, மெல்ல நடமாட வேண்டும். மருந்துக்கார ஐயாவும் நானும் ஒரே தரத்து வைத்தியர்கள்தான் என்பதில் எனக்குப் பரம திருப்தி. அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

“படுக்காம நடந்து நடந்தே வலியப் போக்கிட்டியேம்மா!”

அம்மா தலை நிமிரவில்லை.

“யாரு சொன்னா போச்சுன்னு?”