மதுரைக்கும் கொச்சிக்கும் நடுவே என் வண்டி

கம்பத்தில் மெயின் ரோட்டில் டயர் கடை போட்டேன். வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் கிணறு வெட்டித் திராட்சைப் பந்தல் எழுப்பினேன். அந்தப் பழத்தைக் கேரளாவுக்கு ஏற்றிப்போக லாரி வாங்கினேன். அப்புறம்தான் மாடி வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி கிளீனராகத் தொடங்கியவன் நான். யாரும் கை கொடுக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். என் மகளின் நிச்சயதார்த்தத்தை நடத்தியதும் நான்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கொச்சிக்கென்று நெடும்பாசேரியில் விமான நிலையம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மணமகன் வீட்டார் கொச்சியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நம் ஆட்கள். பையனைத் துபாயில் உடனே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நிச்சயத்தன்று சாயங்காலம் அவன் விமானம் ஏறுவதற்குள் தாம்பூலம் மாற்றாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகப் பையன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். எங்களில் தாய்மாமன் கை படாமல் தட்டு மாறாது. அந்தத் தாய்மாமன், என் மச்சினன், மதுரையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தான். விமானத்தில் வருவதாக டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

மதுரைக்கும் கொச்சிக்கும் நேராகக் கோடு போட்டால் எங்கள் பள்ளத்தாக்கு மேலேதான் போகும். ஆனால் அந்தக் காலத்தில் நேராகப் பறக்க விமானம் இல்லை. வடக்கே சென்னைக்குப் போய், காத்திருந்து, வேறொன்றில் ஏறித் தெற்கே வரவேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. முந்தின நாளே வேனை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். காலையில் விமான நிலையம் வரை அவன் பின்னாலேயே போனேன்.

“ரெண்டு ஃப்ளைட்டும் சேத்தே ரெண்டரை மணி நேரந்தான் மச்சான். நீங்க மலை ஏறி எறங்குறதுக்குள்ள நான் அங்கன குளிச்சுச் சாப்ட்டு உக்காந்திருப்பேன்.”

“வானத்துல இருக்குற நேரத்தச் சொல்ற. சென்னையில குத்தவச்சுக் கெடக்கப்போற நேரத்த எந்தக் கணக்குலய்யா எழுதுவ?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நான் வாசலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் செத்து வெளியே வந்தான். சென்னையிலிருந்து வரவேண்டிய விமானமே இன்னும் கிளம்பவில்லையாம்.

“செத்த பொறுத்துப் பாப்பமே மச்சான். டிக்கெட்டு வீணாப் போயிருமே.”

“போகட்டும். எம் மகளுக்கு ஒன்னைய விட்டா வேற தாய்மாமன் கெடையாது. ஏறு!”

பையைப் பிடுங்கி வேனுக்குள் போட்டேன். ஆண்டிபட்டிக் கணவாய், தேனி தாண்டி, கம்பத்தில் தட்டோடு நின்ற என் மனைவியை ஏற்றிக்கொண்டேன். குமுளி மலையில் மச்சினனுக்கு வாந்தி.

“எந் தம்பி செத்துருவான் போல, வண்டிய நிறுத்துங்க!”

“தட்டு மாத்துற வரைக்கும் சாக மாட்டான். தலைய வெளிய நீட்டச் சொல்லு.”

கோட்டயம் தாண்டும்போது செல்போனில் பேசிவிட்டு மனைவி அழுதாள். “ஏர்போர்ட்டுக்கே கெளம்பிட்டாகளாம்.” நான் வண்டியை நேராக நெடும்பாசேரிக்கு விட்டேன். கார் நிறுத்துமிடத்தில் வேன் பானெட்டின் மேல் துண்டை விரித்துத் தட்டு மாற்றினோம். பையனின் அப்பா கேட்டார், “சென்னை ஃப்ளைட்டு இன்னும் எறங்கலையே, எப்படி வந்தீக?”

நான் வாய் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். “எம் மருமக காரியம். நான் வராம இருப்பனா?”

இன்றைக்கும் சொந்தத்தில் அதுதான் பேச்சு. தாய்மாமன் விழுந்தடித்து வந்து நடத்தி வைத்தானாம். வந்தது அவன்தான், கொண்டுவந்தது யார்? பேத்தி காதுகுத்து வருகிறது, அந்தப் பேச்சு அங்கேயும் வரும். வேனை ஓட்டியவன் நான் என்று மச்சினன் தன் வாயால், மைக்கில், சபை நடுவே சொல்ல வேண்டும்.