ஸ்டமாதியா எடுத்த கூரைப் படம்

ஸ்டமாதியா ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடிக்கு வந்து இறங்கியது அறுபத்தொன்பதாம் வருடம், ஒரு ஜனவரி மாதம். கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவில் பிறந்து, கடலைப் பார்த்தே வளர்ந்தவள். பஸ்ஸை விட்டு இறங்கி நாலாபுறமும் பார்த்தாள். வெயிலும், ஓப்பல் என்ற வண்ணக் கல்லுக்காகத் தோண்டியவர்கள் கொட்டிய வெள்ளை மண் குவியல்களும்தான் கண்ணில் பட்டன.

"வீடெல்லாம் எங்கே?" என்று கணவன் பந்தெலிஸிடம் கேட்டாள்.

"அதுக்கு மேலதான் நீ நின்னுட்டிருக்க," என்றான் அவன்.

பாறைக்குள் குடைந்த வீடு அவளுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும்போது உள்ளே போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி. பழகாதது அவளுடைய அம்மாவுக்குத்தான். கடிதத்துக்குக் கடிதம் ஒரே புலம்பல். "பூமிக்குள்ள குடியிருக்கீங்களாமே? பாம்பா நீங்க? வீட்டப் படம் பிடிச்சு அனுப்பு. கண்ணால பார்த்தாதான் எனக்குச் சோறு இறங்கும்."

பக்கத்துக் குடைவில் எக்கார்ட் என்ற ஜெர்மன்காரன் இருந்தான். நிமோனியா வந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தவனுக்கு ஸ்டமாதியா தினமும் எலுமிச்சை பிழிந்த கோழி சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவன் செய்த முதல் வேலை, தன்னிடம் இருந்த இரண்டு கேமராக்களில் ஒன்றை அவள் கையில் வைத்ததுதான். கனமான பழைய ரேஞ்ச்ஃபைண்டர். கூடவே, விசிறி போல விரித்து மடக்கும் வெள்ளித் தட்டு வைத்த ஒரு ஃபிளாஷ், இரண்டு பெட்டி பல்பு. ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். வெடித்ததும் குமிழ் குமிழாக வெந்து போகும். சூடு ஆறுவதற்குள் தொட்டால் விரலில் கொப்புளம்.

முதல் ஃபிலிம் சுருளை அடிலெய்டுக்குக் கழுவ அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்து பஸ்ஸில் வந்தது. அத்தனையும் கறுப்பு.

"இந்த ஊருக்குள்ள ஆந்தை இருந்தா அதுக்கு அனுப்பு," என்று பந்தெலிஸ் சிரித்தான்.

அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக எக்கார்டிடம் போனாள். அவன் லென்ஸ் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன விசையைக் காட்டினான். அது எக்ஸ் என்ற எழுத்தில் நின்றது. "பல்பு பத்திக்கிட்டு முழுசா எரியறதுக்குள்ள லென்ஸுக்குள்ள இருக்கற கதவு மூடிடுது. இத எம்ங்கற எழுத்துக்குத் தள்ளு. அப்ப பல்பு எரியற வரைக்கும் கதவு காத்திருக்கும்."

அடுத்த சுருளில் வெளிச்சம் வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே. எல்லா முகமும் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தது. பெட்டியில் போட்டிருந்த கணக்கு என்னவோ சரிதான். இருபத்து நாலை மீட்டரால் வகுத்தால் லென்ஸின் துவாரத்துக்கான எண் வரும். மூன்று மீட்டர் என்றால் எட்டு. ஆனால் அந்தக் கணக்குப் போட்டவன் சாதாரண வீட்டில் இருந்திருப்பான். வெள்ளைப் பாறைக்குள் இருந்திருக்க மாட்டான். இங்கே நாலு சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி எறிகின்றன. அவளே யோசித்து, கணக்கில் வருவதைவிடத் துவாரத்தை ஒரு படி சுருக்கி வைக்கப் பழகினாள்.

இருட்டில் குவியம் பிடிப்பது இன்னொரு பாடு. கண்வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மஞ்சள் கட்டம். அதில் எதிரே இருப்பவர் இரண்டிரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அரை இருட்டில் எந்த மூக்கை எந்த மூக்கோடு சேர்ப்பது? எதிரே இருப்பவரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு சுடரும் ஒரே சுடரானதும் பல்பு வெடிக்கும்.

அம்மாவுக்குப் படம் போனது. அடுப்பு, அலமாரி, கல்லிலேயே செதுக்கிய மாடத்தில் சாமி படம். பதில் வந்தது: "தேவாலயம் மாதிரி இருக்கு. இனி கவலையில்ல."

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் விடவில்லை. கிரேக்கர், செர்பியர், குரோவேஷியர், இத்தாலியர் என்று எல்லார் வீட்டிலும் எங்கோ தூரத்தில் ஒரு அம்மா இருந்தாள்.

பந்தெலிஸின் கூட்டாளி ஸ்வோன்கோ, குரோவேஷியாக்காரர். ஐம்பதை நெருங்கியவர், கட்டைப் பிரம்மச்சாரி. ஸ்டமாதியா அவரைத் தன் ஊர் வழக்கப்படி 'பார்பா' என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். தன் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் கோணிப் போயிற்று.

"ஏம்மா, என் மூக்கு எங்க?"

"இருக்கே, பார்பா."

"இதுவா? தட்டுல ரெண்டு ஓட்டை போட்ட மாதிரி இருக்கு. எங்க பரம்பரைச் சொத்தே இந்த மூக்குதான். எங்க அக்கா பார்த்தா இவன் யாரோன்னு திருப்பி அனுப்பிருவா."

தப்பு மூக்கில் இல்லை. ஃபிளாஷ் கேமராவோடு ஒட்டியிருந்தது. நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால் மேடு பள்ளமெல்லாம் மறைந்துவிடும். அவள் ஒன்றரை மீட்டர் வயர் ஒன்றை வாங்கி, ஃபிளாஷைத் தனியே கழற்றிப் பக்கவாட்டில் பிடிக்கச் செய்தாள். அப்போது தூரத்தைக் கேமராவிலிருந்து அளக்கக் கூடாது, விளக்கிலிருந்து அளக்க வேண்டும் என்பதை ஒரு சுருளைப் பாழாக்கித்தான் கற்றாள். ஃபிளாஷ் இருக்கும் இடத்தில் போய் நின்று, மஞ்சள் கட்டத்தில் ஆளைப் பார்த்து, வளையத்தில் மீட்டரைப் படித்து, திரும்பி வந்து தன் இடத்தில் மறுபடி குவியம் வைப்பாள். "படம் பிடிக்கறாளா, நிலம் அளக்கறாளா?" என்று ஸ்வோன்கோ கேலி செய்வார். ஆனால் மூக்கு வந்துவிட்டது. அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

எழுபத்து மூன்றாம் வருடம் ஜூலை இருபத்தேழு, புனித பந்தெலெய்மோன் திருநாள். அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கிய பந்தெலிஸுக்குப் பெயர்நாள். புதிதாக வெட்டிய பக்கச் சுரங்கத்தில் ஓப்பலின் நிறம் கொஞ்சம் கண்ணில் பட்டிருந்ததால், சாப்பாட்டைக் கீழேயே வைத்துக்கொள்வோம் என்றான். ஸ்டமாதியா அடுப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு, வின்ச் என்ற கயிற்றுப் பொறியில் கட்டிய இருக்கையில் உட்கார்ந்து இருபது மீட்டர் இறங்கினாள். பொம்பளை குழிக்குள் இறங்கினால் ஓப்பல் ஓடிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. "ஓடுனா ஓடட்டும், இறைச்சி வந்துச்சுல்ல," என்றார் ஸ்வோன்கோ.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு படம். ஸ்வோன்கோ பெட்டி மேல் உட்கார்ந்தார். பந்தெலிஸ் இடதுபக்கச் சுவர் ஓரம் குனிந்து ஃபிளாஷைத் தரையோடு பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. ஸ்வோன்கோவின் தலைக்கு மேலே, சுவரிலிருந்து கூரைக்கு ஒரு கறுப்புக் கோடு ஏறியிருந்தது. கேமராவுக்குள் முடி ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது படத்தை அவள் சற்று நகர்ந்து எடுத்திருந்தாள். முடி என்றால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கோடு பாறையோடு நகர்ந்திருந்தது. ஓப்பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அது பாறையில் ஓடிய விரிசல்.

அன்று காலையில் ஆண்கள் இருவரும் குழிக்குள் இருந்தார்கள். அவள் படத்தைச் சட்டைக்குள் செருகி, பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குழி வாயில் போய்க் கத்தினாள். பந்தெலிஸ் கீழிருந்தே வின்ச்சை இயக்கி அவளை இறக்கினான்.

"என்னடி, வீட்ல ஏதாவதா?"

"கூரையில கோடு இருக்கு, பாரு."

அவன் படத்தைப் பார்த்தான். "கோடு இல்லாத சுரங்கம் எங்க இருக்கு? நான் தினமும் பார்க்கற கூரை."

ஸ்வோன்கோ தன் விளக்கைத் தூக்கிக் கூரையை நேராகப் பார்த்தார். "ஒண்ணுமில்லையேம்மா. வெள்ளையாத்தான் இருக்கு."

"வெளிச்சம் நேரா அடிச்சா தெரியாது, பார்பா. உங்க மூக்கே தெரியலையே அன்னைக்கு. பந்தெலி, அன்னைக்கு ஃபிளாஷ் பிடிச்ச எடத்துல போய்க் குனிஞ்சு நில்லு. விளக்கத் தரையோட வை."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். சாய்ந்து அடித்த வெளிச்சத்தில் கோடு மெல்ல எழுந்து நின்றது.

"சரி, இருக்கு," என்றார் ஸ்வோன்கோ. "பழைய விரிசலா இருக்கும். நம்ம தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து கிடக்கும்."

ஸ்டமாதியா படத்தையும் பூதக்கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தாள். கூரையில் வெடி வைக்கத் துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது. படத்தில் கோடு அந்த ஓட்டைக்கு ஒரு சாண் முன்பே நின்றிருந்தது. ஸ்வோன்கோ படத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இப்போது கோடு ஓட்டையைத் தாண்டி மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

"இது என்னைக்கு எடுத்தது?"

"பெயர்நாள்ல. ரெண்டு வாரம் ஆச்சு."

பந்தெலிஸுக்கு நிறம் கண்ட இடத்தை விட்டுப் போக மனமில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "இன்னைக்கு மட்டும் தோண்டிட்டு..." என்று இழுத்தான்.

"நீ தோண்டு," என்றார் ஸ்வோன்கோ, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே. "நான் உன் பொண்டாட்டி கூட மேல போறேன். கல்யாணமே ஆகாம நான் ஏன்டா சாகணும்?"

அன்றைக்கே கருவிகளையெல்லாம் மேலே ஏற்றினார்கள். அடுத்த நாள் சனி, அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை பந்தெலிஸ் தனியாகப் போய் எட்டிப் பார்த்தான். குழி வாயிலிருந்து புழுதி வந்துகொண்டிருந்தது. பக்கச் சுரங்கம் இருந்த இடத்தில், ஸ்வோன்கோ உட்கார்ந்த பெட்டிக்கு மேல், ஒரு லாரி அளவு பாறை இறங்கிக் கிடந்தது.

அவன் வீட்டுக்கு வந்து, சமையல் மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தான். ஸ்டமாதியா காபிப் பானையை அடுப்பில் வைத்தாள்.

"நீ சொல்லலைன்னா..." என்றான்.

"நீ கேக்கலைன்னா," என்றாள் அவள்.

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அதன் பிறகு அவளுக்குக் கூரைப் படம் எடுக்கும் வேலையும் சேர்ந்தது. "ஸ்டமாதியா, எங்க குழிக்கு ஒரு தடவை வந்துட்டுப் போ," என்று வந்து நிற்பார்கள். ஃபிளாஷைத் தரையோடு வைத்து எடுப்பாள், தேதி எழுதிக் கொடுப்பாள், இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுப்பாள். எல்லாப் படத்திலும் ஆபத்து தெரிந்துவிடாது. படத்தில் ஒன்றுமே இல்லாத கூரை ஒன்று எழுபத்தெட்டில் விழுந்து ஒருவருக்குக் கால் போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். "நீ என்ன கடவுளா? உக்காரு, பிளம் பிராந்தி குடி," என்றார் அவர்.

ஸ்வோன்கோ ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்கு யஸ்னா என்று பெயர். பாறைக்குள் குடைந்த தேவாலயத்தில் யஸ்னாவின் கல்யாணம் நடந்தபோது படம் எடுத்தது ஸ்டமாதியாதான். அந்தப் பல்புகள் அப்போது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. யஸ்னாவின் நண்பர்கள் மெல்பர்னிலும் ஸாக்ரெப்பிலும் தேடி, பழைய ஸ்டுடியோக்களில் கிடந்த பதினோரு பெட்டிகளைச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். விருந்தில் ஸ்வோன்கோ எழுந்து கிளாஸைத் தூக்கினார். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். அன்றைக்கு, "இந்தப் பொண்ணு இருக்கறதுக்குக் காரணம் அதோ அந்தப் பொம்பளை," என்று கேமராவோடு நின்றவளைக் காட்டிச் சொன்னதோடு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது ஸ்டமாதியாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. போன வருடம் அடிலெய்டு பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து, உங்கள் கேமரா எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று கேட்டாள். ஸ்டமாதியா அவளுக்குச் சீமை மாதுளையில் செய்த இனிப்பை ஒரு கரண்டி தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"சாப்பிடும்மா முதல்ல. கேமரா காப்பாத்தல. அது கோட்டத்தான் காட்டுச்சு. நான் அப்ப ஊருக்கு வந்து நாலே வருஷம், சுரங்கம்னா என்னன்னே தெரியாத பொம்பளை. வயசுல மூத்த மனுஷன், இருபது வருஷம் தோண்டினவரு, என் பேச்சைக் கேட்டு மண்வெட்டியக் கையில எடுத்துக்கிட்டு ஏறி வந்தாரே, அதுக்குத்தான் நான் தினமும் நன்றி சொல்றேன். கேக்க ஆளில்லாம எத்தனையோ பேர் சொல்லிட்டுத்தான் இருக்காங்க."

அந்தப் பெண் அவளை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஸ்டமாதியா எழுந்து கண்ணாடி முன்னால் போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள்.